நடு ஆசிய லின்க்ஸ்

நடு ஆசிய லின்க்ஸ் என்பது ஐரோவாசிய லின்க்ஸின் துணையினங்களுள் ஒன்றாகும். பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விலங்கு துருக்கெஸ்தான் லின்க்ஸ், திபெத்திய லின்க்ஸ், இமாலய லின்க்ஸ் எனவும் அழைக்கப்படுகிறது. கசக்கஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், மங்கோலியா, திபெத்து, வட பாகிஸ்தான், நேபாளம், இந்தியாவின் லடாக் ஆகிய பகுதிகளின் உயர்மலைகளிலும் குளிர் புல்வெளிகளிலும் காணப்படுகிறது.

பெயரும் வகைப்பாடும்

கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளைத், 1847 ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். இதன் அறிவியற்பெயரான லின்க்ஸ் லின்க்ஸ் இசபெல்லினஸ் என்பதில் உள்ள கடைசிச் சொல் வெளிறிய சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தைக் குறிக்கும். 2017 இல் வெளியான பூனைக் குடும்ப வகைப்பாட்டுத் திருத்தம் ஐரோவாசிய லின்க்ஸில் ஆறு துணையினங்களை ஏற்றுக்கொண்டது. அவற்றுள் இதுவும் ஒன்று. பாலைவன லின்க்ஸ் என்று சில நூல்களில் குறிப்பிடப்படும் கேரகல் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. காதுநுனி மயிர்க்கற்றையே இக்குழப்பத்திற்குக் காரணம்.

உடலமைப்பு

நீண்ட கால்கள், கரிய நுனியுடைய குட்டை வால், கன்னங்களில் தொங்கும் மயிர் ஆகியவற்றால் இதனை எளிதில் அடையாளம் காணலாம். ஐரோப்பியக் காடுகளில் வாழும் லின்க்ஸ்களின் மேல் தெளிவான புள்ளிகள் பரவலாகக் காணப்பட, இதன் வெளிறிய மணல்நிற மேனியில் புள்ளிகள் மங்கியே தெரிகின்றன. மரங்களற்ற பாறைச் சரிவில் அசையாது படுத்திருந்தால் கண்டுபிடிப்பது கடினம். அகன்ற, மயிரடர்ந்த பாதங்கள் உடல் எடையைப் பரப்புவதால் பனியில் புதையாமல் நடக்க இயலுகிறது. பெரும்பாலான பூனையினங்களுக்கு 30 பற்கள் இருக்க, லின்க்ஸ்களுக்கு 28 மட்டுமே உண்டு.

வாழ்க்கைமுறை

தியான்சான் மலைகளில் ஊசியிலைக் காடுகளிலும் வாழ்கிறது. லடாக்கிலோ, 4,500 மீட்டருக்கு மேற்பட்ட வறண்ட வெளிகளிலும் நடமாடுகிறது. பதுங்கிப் பாயும் விலங்காகையால் மறைவிடம் இதற்கு இன்றியமையாதது; மரமில்லாத இடங்களில் பாறை இடுக்குகளும், நுப்ரா பள்ளத்தாக்கில் ஆற்றோர முட்புதர்களும் அத்தேவையை நிறைவு செய்கின்றன. முயல், பைக்கா, மர்மோட், பறவைகள் ஆகியன முக்கிய இரைகள். காட்டாட்டுக் குட்டிகளையும் சிலவேளைகளில் மேய்ச்சல் ஆடுகளையும் கொல்வதுண்டு. தனித்து வாழும் இவ்விலங்கு குளிர்காலத்தின் பிற்பகுதியில் இணைசேரும். ஏறத்தாழ 70 நாள் சூல்காலத்திற்குப் பின் பொதுவாக இரண்டு அல்லது மூன்று குட்டிகள் பிறக்கும். அவை அடுத்த இணைசேர் காலம் வரை தாயுடனேயே இருக்கும்.

காப்புநிலை

ஐரோவாசிய லின்க்ஸ் உலக அளவில் தீவாய்ப்பு கவலை குறைந்த இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் இம்மதிப்பீடு ஐரோப்பா முதல் சைபீரியா வரை பரந்துள்ள மொத்த இனத்திற்குமானது; இமயமலையில் வாழும் சிதறிய சிறு கூட்டங்களின் நிலையை இதிலிருந்து அறிய முடியாது. பனிச்சிறுத்தைக்குக் கிடைத்த கவனத்தில் சிறுபகுதிகூட இதற்குக் கிடைக்கவில்லை. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இது இடம்பெற்றுள்ளது. சீனாவில் இரண்டாம் நிலைப் பாதுகாப்புப் பெற்றுள்ளது.

முற்காலத்தில் மென்மயிர்த்தோல் வணிகத்திற்காக வேட்டையாடப்பட்டது. கால்நடை இழந்த மேய்ப்பர்கள் பழிவாங்கக் கொல்வதும், இரைவிலங்குகள் குறைவதும் தொடரும் சிக்கல்கள். லடாக்கில் இவற்றுடன் தெருநாய்களும் சேர்ந்துள்ளன. சுற்றுலா விடுதிகள், படைமுகாம்கள் ஆகியவற்றின் உணவுக்கழிவுகளை உண்டு பெருகிய இந்நாய்கள் கூட்டமாகத் திரிந்து காட்டுவிலங்குகளைத் தாக்குகின்றன. லின்க்ஸைச் சூழ்ந்து குரைத்துத் துரத்தும் காட்சிகளும் படமாக்கப்பட்டுள்ளன. சட்டம் வேட்டைக்காரனைத் தண்டிக்க இயலும். நாய்க்கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கழிவு மேலாண்மையும் கருத்தடையுமே தேவைப்படுகின்றன.