மீன்தொட்டி மோட்டார்

ஒரு ஷாப்பிங் லிஸ்ட் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பழைய காரிலிருந்து கழற்றிய குட்டி ரேடியேட்டர் ஒன்று. மீன்தொட்டிக்குப் போடுகிற மோட்டார் ஒன்று. கொஞ்சம் தடிமனான செம்புக் கட்டி. நாலைந்து அடி பிளாஸ்டிக் ட்யூப், மாட்டுவதற்கு கிளிப்புகள். கடைசியாக, பேட்டரிக்கு ஊற்றுவோமே, அந்த டிஸ்டில்டு வாட்டர்.

இதையெல்லாம் வைத்து என்ன செய்வது? 2000-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில இளைஞர்கள் இவற்றை வாங்கிவந்து, வீட்டு கம்ப்யூட்டருக்குக் குழாய் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள், தெரிந்தே, சொந்தக் காசில், தண்ணீர்.

கிறுக்குப் பிடித்தவர்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அடியேன் காமர்ஸ் படித்தவன். விலைப் பட்டியலைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது.

1998 ஆகஸ்டில் இன்டெல் விட்ட சரக்கில் இரண்டைப் பாருங்கள். 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பென்டியம் 2, விலை 669 டாலர். 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செலரான் 300ஏ, 149 டாலர். செலரானின் 300 எப்படி வருகிறது? மதர்போர்டு தருகிற 66 என்கிற துடிப்பை பிராசஸர் நாலரையால் பெருக்கிக்கொள்கிறது. அந்த நாலரையை மாற்ற முடியாது, இன்டெல் பூட்டி வைத்திருந்தது. சரி, 66-ஐ 100 ஆக்கினால்? நாலரை நூறு, 450! ஏழை வீட்டுப் பிள்ளை பணக்காரப் பிள்ளையின் வேகத்தில் ஓட ஆரம்பித்தது. எல்லா சிப்பும் இதற்கு ஒத்துழைக்கவில்லை. ஆனால் ஏராளமானவை ஓடின. 520 டாலர் மிச்சம்.

இதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். ருசி கண்டவர்கள் விடுவார்களா? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வோல்டேஜையும் ஏற்றினார்கள். அங்கேதான் சிக்கல். வோல்டேஜைப் பத்து சதவிகிதம் ஏற்றினால் சூடு இருபது சதவிகிதத்துக்கு மேல் எகிறும். போதாக்குறைக்கு பிராசஸர்களே அடுப்பாகிக்கொண்டிருந்தன. 2001-ல் வந்த ஏஎம்டியின் 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லான் 72 வாட்ஸ் கக்கியது. நகம் அளவு இடத்தில். அதைத் தணிக்க நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றுகிற விசிறிகள் வந்தன. பக்கத்தில் உட்கார்ந்தால் நாள் முழுக்க மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கும்.

அப்போதுதான் தண்ணீர் ஞாபகம் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கிற வெப்பத்தைச் சுமக்க சுமார் 3,500 லிட்டர் காற்று வேண்டும். இதொன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1960களிலேயே ஐபிஎம்மின் சிஸ்டம்/360 மாடல் 91 தண்ணீரால் குளிர்ந்தது. 1985-ன் க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரிலோ, மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள் மொத்த சர்க்யூட்டையும் முக்கியே வைத்திருந்தார்கள். பிறகு சூடு குறைந்த சிப்புகள் வந்தன, 1990களின் நடுவில் ஐபிஎம் குழாய்களைக் கழற்றிவிட்டு விசிறிக்கு மாறியது. பெரியவர்கள் கழற்றிப் போட்டதைத்தான் பையன்கள் வீட்டில் மாட்டினார்கள்.

கடையில் வாங்க அதிகம் கிடைக்காது. எனவே காயலான் கடை. குளிர் தேசத்துக் கார்களில், உள்ளே கதகதப்புக்காக ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கும். 1977 மாடல் போன்டியாக் போன்வில் காரின் ரேடியேட்டருக்கு இந்த வட்டாரத்தில் தனி மவுசு. மோட்டாருக்கு ஜெர்மனியின் எஹைம். செம்புக் கட்டியைத் துளைபோட்டு, தண்ணீர் வளைந்து ஓடப் பாதை வெட்டி, பிராசஸர் தலையில் உட்காரவைக்க வேண்டியது.

இதில் எத்தனை அனுபவப் பாடம் தெரியுமா? அலுமினிய ரேடியேட்டரையும் செம்புக் கட்டியையும் ஒரே தண்ணீரில் சேர்த்தால் மெல்ல மெல்ல பேட்டரி மாதிரி வேலை செய்து, அலுமினியம் அரித்துப்போகும். டிஸ்டில்டு வாட்டர் மின்சாரம் கடத்தாதே என்கிற தைரியமும் ரொம்ப நாள் நிலைக்காது, உலோகத்தைத் தொட்டுத் தொட்டு அது சாதாரணத் தண்ணீராகிவிடும். பாசி வேறு பிடிக்கும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, மீன்தொட்டி மோட்டாருக்குச் சுவரில் தனி பிளக். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு மோட்டாரைப் போட மறந்தால்? சூடு தாங்காமல் தானாக நின்றுகொள்ளும் ஏற்பாடு அந்த அத்லானுக்குள் கிடையாது. சமாதிதான். இதற்காகவே, ஒன்றைப் போட்டால் மற்றதும் ஓடும்படி ரிலே வைத்துக்கொண்டார்கள்.

நிறுவனங்களும் அதே சூட்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டன. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அதன் தலைவர் க்ரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் ஆப்பிள், பவர் மேக் ஜி5-ல் திரவக் குளிர்விப்பைக் கொண்டுவந்தது. தயாரித்துக் கொடுத்தது யார்? டெல்ஃபை. கார் உதிரிபாகக் கம்பெனி! ஆக, அவர்களும் கார்க்காரரிடம்தான் போனார்கள். சில வருடங்களில் அந்த மெஷின்களில் சில ஒழுகின, உள்ளே இருந்ததெல்லாம் பாழ்.

2009-ல் கோர்செய்ர் எச்50 போன்ற, தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடிய பெட்டிகள் வந்த பிறகு யாருக்கும் காயலான் கடை தேவைப்படவில்லை. ஆனாலும் கையால் கட்டுகிறவர்கள் இன்றும் கட்டுகிறார்கள். கண்ணாடிப் பெட்டி, கலர் தண்ணீர், வளைத்த அக்ரிலிக் குழாய். வேகத்தைவிட அழகுக்காக என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒன்று மட்டும் மாறவில்லை. கட்டி முடித்ததும் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் மோட்டாரை மட்டும் 24 மணி நேரம் ஓடவிடுவார்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர். மறுநாள் எழுந்ததும், பல்கூடத் தேய்க்காமல் போய், காகிதம் நனைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள்.