அக்கரையில் இருந்த நம் புகைவண்டி நிலையம்

திருவிழாக் காலத்தில் இறைவனைத் தொழும்போதே முன்னோரையும் நினைந்து போற்றுவது நம் மரபு. அவ்வகையில், நம் முன்னோரை இம்மண்ணில் குடியமர்த்திய இருப்புப்பாதையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

நம் கெலுகோருக்கு இருப்புப்பாதை வந்ததில்லை. பெருநிலத்தில் உள்ள தாசெக் கெலுகோருக்குப் புகைவண்டி நிலையம் உண்டு. அதே புளிப்புக் கனி மரத்தின் பெயரைத் தாங்கிய நம் ஊருக்கு இல்லை. ஆயினும், நீரிணைக்கு அக்கரையில் உள்ள பிறையே 1967-இல் பட்டர்வொர்த் நிலையம் திறக்கப்படும் வரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பினாங்குத் தீவினருக்கும் புகைவண்டி நிலையமாக விளங்கியது.

தீவில் தண்டவாளம் இல்லாவிடினும் நிலையம் ஒன்று இருந்தது என்பது வியப்புக்குரிய செய்தி. ஜார்ஜ்டவுன் துறைமுகத்தை ஒட்டி மணிக்கூண்டுடன் நிற்கும் சுங்கத் துறைக் கட்டடமே அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டு மலாய் மாநில இருப்புப்பாதைக்காக எழுப்பப்பட்ட அக்கட்டடத்தில் பயணச்சீட்டு பெற்றோர், படகேறிப் பிறைக்குச் சென்று, அங்கே புகைவண்டியில் அமர்ந்தனர். 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை பாதை இணைக்கப்பட்டது. 1909-இல் அது ஜொகூர் பாருவை எட்டியது.

இப்பாதைகளில் தமிழர் உழைப்பு தொடக்கம் முதலே கலந்துள்ளது. இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை, தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே 1885 ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படைப்பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. 1901-இல் கூட்டு மலாய் மாநில இருப்புப்பாதையின் பொது மேலாளரான சி. இ. ஸ்பூனர், முன்னர் இலங்கையில் பணியாற்றியவர். அக்காலத்தில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் இங்கு வந்து சேர்ந்தனர். சரளைக்கல் கொட்டியும் தண்டவாளம் சுமந்தும் பாதையைக் காத்தவர்களுள் தமிழகத்துத் தொழிலாளர் மிகப் பலர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் போன்ற இடங்களில் இரயில்வே குடியிருப்புகள் தோன்றின. குடியிருப்பு தோன்றிய இடங்களில் கோயிலும் எழுந்தது. கோயிலைச் சுற்றிச் சமூகம் வளர்ந்தது.

பிறை வழியே சென்றோர் கதை வேறு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கை அடைந்து, ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் காப்புக்காகத் தங்கவைக்கப்பட்டனர். பின்னர் அவர்களுள் பலர் புகைவண்டி வழியே தோட்டங்களுக்குச் சென்றனர். எங்கே இறங்குகிறோம் என்று அறியாமலே இறங்கியோர் எத்தனை பேரோ! 1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியில் மீண்டும் புகைவண்டிகள் நம்மவரைச் சுமந்தன. சயாம் மரண இரயில் பாதைக்கு வடக்கே கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரவருள் திரும்பாதோர் பலர். அவர்களுள் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

கட்டடங்களின் வரலாறு கோப்புகளில் கிடைக்கிறது. அரசுப் பணியில் இருக்கும் நான் அதனை நன்கறிவேன். எத்தனை மைல், எவ்வளவு செலவு, திறந்துவைத்தவர் யார் என்பன எல்லாம் அவற்றில் உண்டு. தண்டவாளம் சுமந்த தோள்கள் யாருடையவை என்பது அங்கு அரிதாகவே காணப்படுகிறது. அச்செய்தி நம் இல்லங்களில்தான் உள்ளது. பாட்டனாரின் பணிச் சான்றிதழ், மங்கிய நிழற்படம், பாட்டி சொன்ன பயணக் கதை ஆகியவையே நம் ஆவணங்கள். முதியோர் ஒவ்வொருவராக மறையும்போது இவையும் மறைகின்றன.

1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் கெலுகோரையும் பிறையையும் இணைத்தது. இப்போது எல்.ஆர்.டி. திட்டத்தின் பணிகள் 2025 ஜனவரியில் தொடக்கி வைக்கப்பட்டுள்ளன. அதன் பாதை நம் பகுதி வழியாகவும் செல்லத் திட்டமிடப்பட்டுள்ளது. ஒரு நூற்றாண்டாக அக்கரையில் இருந்த நிலையம் நம் வாசலுக்கே வரவிருக்கிறது.

அந்நாள் வருவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தனர், எந்த நிலையத்தில் இறங்கினர், என்ன பணி செய்தனர் என்பதை ஒரு தாளிலேனும் எழுதிவைத்தல் வேண்டும். அத்தாள்களைத் திரட்டிக் காக்கும் பொறுப்பை நம் ஆலயம் ஏற்றால், அது முன்னோருக்குச் செய்யும் நீங்காத வழிபாடாகும். நம் பிள்ளைகள் புதிய நிலையத்தில் இறங்கும்போது, முதன்முதலாக இங்கு இறங்கியவர்களின் பெயர்களையும் அறிந்திருப்பார்களாக.

இறையருள் அனைவருக்கும் கிட்டுக!