விடை தெரிந்த கேள்விகள்: ‘க்விஸ் ஷோ’ படமும் அதன் வரலாறும்

1956 டிசம்பர் 5 இரவு. நியூயார்க்கில் என்.பி.சி. தொலைக்காட்சியின் ‘ட்வென்ட்டி ஒன்’ நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற ஹெர்ப் ஸ்டெம்பலிடம், 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது எது என்று கேட்டார்கள். விடை ‘மார்ட்டி’. ஸ்டெம்பலுக்கு மிகவும் பிடித்த படம் அது. மூன்று முறை பார்த்திருந்தார். ஆயினும் முந்தைய ஆண்டு விருது பெற்ற ‘ஆன் த வாட்டர்ஃப்ரன்ட்’ படத்தின் பெயரையே சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டும் என்பது தயாரிப்பாளர் டான் என்ரைட்டின் ஆணை. அன்றிரவே அவர் தோற்றார். வென்றவர் சார்லஸ் வான் டோரன்.

ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கி 1994இல் வெளியான ‘க்விஸ் ஷோ’ இந்த நிகழ்வை மையமாகக் கொண்டது. சிறந்த படம், இயக்கம், துணை நடிகர், தழுவல் திரைக்கதை என நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றும் ஒரு விருதும் வெல்லாத படம். பால் அட்டனேசியோவின் திரைக்கதை, ரிச்சர்ட் குட்வின் 1988இல் வெளியிட்ட நினைவுநூலின் ஒரு பகுதியை ஆதாரமாகக் கொண்டது.

பின்னணியைச் சற்றே நோக்குவோம். 1955இல் சி.பி.எஸ். தொடங்கிய ‘64,000 டாலர் கேள்வி’ அமெரிக்காவையே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்த்தியது. அதன் விளம்பரதாரரான ரெவ்லான் நிறுவனத்தின் விற்பனை பெருகியது. மற்றவர்களும் இவ்வழியில் இறங்கினர். ஜெரிட்டால் என்ற சத்துமருந்தின் விளம்பரத்தோடு 1956 செப்டம்பர் 12 அன்று ‘ட்வென்ட்டி ஒன்’ தொடங்கியது. முதல் நிகழ்ச்சி நேர்மையாகவே நடந்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான உண்மை. போட்டியாளர்கள் கேள்விக்குக் கேள்வி திணறினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்று விளம்பரதாரர் கொதித்தார். அதன் பின்னர் எல்லாம் ஒத்திகை பார்க்கப்பட்ட நாடகமாயிற்று.

நாடகம் என்பது உவமையன்று. கேள்வியும் விடையும் மட்டுமல்ல, எங்கே தயங்குவது, எப்போது நெற்றியைத் துடைப்பது என்பதும் கற்றுத்தரப்பட்டன. ஸ்டெம்பலுக்கு அளவு பொருந்தாத கோட்டை அணிவித்து, தலைமுடியை ஒட்ட வெட்டச் செய்தார்கள். தொகுப்பாளர் ஜேக் பாரியை மற்றவர்கள் ‘ஜேக்’ என்று அழைக்கலாம். ஸ்டெம்பல் மட்டும் ‘மிஸ்டர் பாரி’ என்றுதான் அழைக்க வேண்டும். ஏழை மாணவன் என்ற வேடத்துக்கு அது பொருந்தும் அல்லவா!

அவ்வேடம் சலித்தபோது வான் டோரன் வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆங்கில ஆசிரியர். தந்தை மார்க் வான் டோரன், பெரியப்பா கார்ல் வான் டோரன் இருவருமே புலிட்சர் பரிசு பெற்றவர்கள். அழகும் அடக்கமும் கூடிய அந்த இளைஞர் 1957 பிப்ரவரியில் ‘டைம்’ இதழின் அட்டையில் இடம்பெற்றார். 1957 மார்ச்சில் ‘தோற்று’ வெளியேறும்போது அவர் வென்றிருந்த தொகை 1,29,000 டாலர். குவீன்ஸ் பகுதி யூதரான ஸ்டெம்பலின் இடத்தில் உயர்குடிப் பண்பாட்டின் முகம் ஒன்று வந்தமர்ந்ததை ரெட்ஃபோர்ட் அழுத்தமாகவே காட்டுகிறார். ஜான் டர்டுரோவின் ஸ்டெம்பல் நமக்கு எரிச்சலூட்டுகிறார்; ரால்ஃப் ஃபைன்ஸின் வான் டோரனை நமக்குப் பிடித்துவிடுகிறது. அன்றைய பார்வையாளர்களின் சாய்வுக்கு இப்படி நாமும் இரையாகிறோம்.

ஸ்டெம்பல் முறையிட்டபோது, தோற்றவனின் பொறாமை என்று ஒதுக்கினார்கள். 1958 ஆகஸ்டில் ‘டாட்டோ’ என்ற வேறொரு நிகழ்ச்சியில், போட்டியாளர் ஒருவரின் விடைக்குறிப்பேடு அம்பலமானதும் நிலைமை மாறியது. ‘ட்வென்ட்டி ஒன்’ போட்டியாளர் ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ், தமக்குத் தரப்பட்ட விடைகளை முன்கூட்டியே எழுதித் தமக்குத் தாமே பதிவுத்தபாலில் அனுப்பி, உறை பிரிக்காமல் வைத்திருந்தார். இதைவிட உறுதியான சான்று வேறென்ன வேண்டும்? நியூயார்க் கிராண்ட் ஜூரியின் முன் சாட்சியம் அளித்தவர்களில் பெரும்பாலோர், வான் டோரன் உட்பட, பொய் சொன்னார்கள். அதன் அறிக்கையை வெளியிடாமல் முத்திரையிட நீதிபதி உத்தரவிட்டதும் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரணையைக் கையிலெடுத்தது. 1959 நவம்பர் 2 அன்று வான் டோரன் அங்கே உண்மையை ஒப்புக்கொண்டார். உறுப்பினர்கள் சிலர் அவரைப் பாராட்டவும் செய்தனர்! பாராட்ட மறுத்தவர் நியூயார்க் உறுப்பினர் ஸ்டீவன் டெரூனியன்.

படத்தில் வழக்கைத் துப்பறிபவர் துணைக்குழுவின் இளம் வழக்கறிஞர் குட்வின். உண்மையில் அவர் 1959இல்தான் இதற்குள் வருகிறார். அதற்கு முன்பே மாதக்கணக்கில் உழைத்துச் சாட்சிகளைத் திரட்டியவர் அரசு உதவி வழக்கறிஞர் ஜோசப் ஸ்டோன். படத்தில் அவருக்கு உரிய இடமில்லை. மூன்றாண்டு நிகழ்வுகளும் மிகச் சுருங்கிய காலத்துக்குள் அடைக்கப்பட்டுள்ளன. சுவைக்காக உண்மையைத் திருத்தியவர்களைப் பற்றிய படமே சுவைக்காக உண்மையைத் திருத்துகிறது. இதைக் கலையுரிமை என்று கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை. எனினும், பால் ஸ்கோஃபீல்ட் நடித்த தந்தையிடம் மகன் உண்மையைச் சொல்லும் காட்சி, எந்த விசாரணை ஆவணமும் தர இயலாத ஒன்றைத் தருகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

யார் எதை இழந்தார்கள்? வினாடி வினாவில் மோசடி செய்வதை அன்று எச்சட்டமும் குற்றமாகக் கருதவில்லை. அதற்கான சட்டம் 1960இல்தான் வந்தது. வான் டோரன் முதலியோர் 1962இல் பொய்ச்சாட்சிக்காகவே குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றனர். பாரியும் என்ரைட்டும் எழுபதுகளில் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்து வெற்றி கண்டனர். வான் டோரன் கொலம்பியாப் பணியை இழந்தார். என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் பதிப்பாசிரியராக வாழ்ந்தார். 2008இல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதும் வரை இது பற்றிப் பொதுவெளியில் மௌனமே காத்தார். 2019இல் அவரும், 2020இல் ஸ்டெம்பலும், இருவருமே தம் 93ஆம் வயதில் மறைந்தனர்.

ஆசிரியர்களுக்கும் அறிவு வாழ்வுக்கும் இது பெருந்தொண்டாகும் என்று சொல்லித் தம்மை இணங்கவைத்ததாக வான் டோரன் துணைக்குழுவிடம் கூறினார். இலக்கிய வாசகர்களாகிய நம்மை உறுத்துவது இந்த வாதமே. மோசடியே நிகழாதிருந்தாலும், அக்கூண்டுக்குள் மதிக்கப்பட்டது அறிவா? நினைவிலிருந்து நொடியில் எடுத்து நீட்டும் துண்டுச் செய்திகளைக் கல்வியென்று ஓர் ஆங்கில ஆசிரியர் தம் பெயரால் சான்றளித்தார். விடைகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது அதற்கு அடுத்த படிதான்.

அவர் பெயர் இன்றும் அச்சில் நிற்பது வேறொரு காரணத்தால். மார்ட்டிமர் ஆட்லருடன் சேர்ந்து 1972இல் அவர் திருத்தி விரித்த ‘ஹௌ டு ரீட் எ புக்’ இன்றளவும் வாசிக்கப்படுகிறது. ஒரு நூலிடம் வாசகன் என்னென்ன கேள்விகளைக் கேட்க வேண்டும், அவற்றுக்கான விடையைத் தானே எவ்வாறு தேட வேண்டும் என்பதைப் பொறுமையாகக் கற்பிக்கும் நூல் அது.