கயிறும் சோப்புத் தண்ணீரும்

சப்பிரகமுவத் தோட்டங்களில் பழைய பெட்போர்ட் லொறிகள் நீண்ட காலம் ஓடியதற்கு இறக்குமதிக் கட்டுப்பாடுதான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. 1970 முதல் 1977 வரை புது வண்டி கிடைப்பது அரிது; 1976இல் அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்க வரையான களனிவெளி ரயில்பாதையும் மூடப்பட, இரத்தினபுரிப் பக்கத்துச் சுமை வீதிக்கு வந்தது. ஆனால் தட்டுப்பாடு வண்டியை வைத்திருக்கச் சொல்லுமே தவிர, ஓட வைக்காது. ஓட வைத்தது அதன் அமைப்பு. பின் கண்ணாடியையே பாருங்கள். பசை கிடையாது. கண்ணாடியைச் சுற்றி இறப்பர் பீடிங்கை மாட்டி, வெளிக் காடியில் கயிற்றைச் சுற்றி, நுனிகளைக் கீழே உள்ளே விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுப்பார். இறப்பரின் உதடு தகரத்தின் மேல் புரண்டு ஏறிவிடும். கண்ணாடி தட்டையாக இருந்தால் பட்டணத்துக் கண்ணாடிக் கடையிலேயே வெட்டிக்கொள்ளலாம். கராஜுக்கு இதற்கென்று தனி இயந்திரம் வேண்டியதில்லை.

கேகாலையில் இறப்பர் விளைவதால் பீடிங்குக்கும் பஞ்சமில்லை என்று வாதிடலாம். அது சரியல்ல. பால் வெட்டிப் புகையூட்டிய ஷீட் மூலப்பொருள் மட்டுமே. கந்தகம் சேர்த்து, அச்சில் பிதுக்கி, வேகவைத்தால்தான் பீடிங். அப்போதும் இயற்கை இறப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும், மழை ஒழுகும், விளிம்புத் தகரம் துருப்பிடிக்கும். பிற்காலப் பீடிங்குகள் பெரும்பாலும் செயற்கை இறப்பரானது அதனால்தான். துருவைச் சுரண்டிப் பெயின்ட் பூசாமல் புது பீடிங் போடுவது வீண் செலவு.