உத்திரமேரூரும் அதன் ஏரியும்

நீரை அடக்கி ஆண்ட ஊர்களே நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன. செக் நாட்டின் தென்பகுதியில் திரெபோன் என்னும் சிறு நகரம் ஒன்று உண்டு. அதனைச் சுற்றிலும் உள்ள குளங்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல. சதுப்பு நிலத்தில் மனிதர் கரை எழுப்பி ஆக்கியவை. அவற்றுள் பெரியதாகிய ரோஜம்பெர்க் குளம் 1584 முதல் 1590 வரை அமைக்கப்பட்டது. அதற்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் ஓர் ஏரியும் ஓர் ஊரும் இணைந்து வளர்ந்தன. அவ்வூரே உத்திரமேரூர்.

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர், எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக அமைந்தது. இதன் ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர். வைரமேகன் என்பது தந்திவர்ம பல்லவனின் சிறப்புப் பெயர் என்பர். ஏரியை வெட்டிவிட்டால் மட்டும் போதுமா? ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்ற வேண்டாவா? அப்பணிக்கென்றே அறக்கட்டளைகள் வைக்கப்பட்ட செய்தியை இவ்வூர்க் கல்வெட்டுகள் கூறுகின்றன.

சுந்தரவரதப் பெருமாள் கோயிலும் கயிலாசநாதர் கோயிலும் ஊருக்கு அணியாக விளங்குகின்றன. சுந்தரவரதர் கோயிலின் மூன்று நிலைகளில் திருமால் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தருகிறார். ஆயினும் ஊருக்கு உலகப் புகழ் தந்தவை வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள முதற் பராந்தக சோழன் கல்வெட்டுகளே. 919இல் ஒரு முறை தேர்தல் விதிகள் வகுக்கப்பட்டன. 921இல் அவை திருத்தப்பட்டன. முதல் விதியில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, பின்னர் 35 முதல் 70 வரை என்று மாறியது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் சபையோர் முன்னிலையில் ஓலையை எடுப்பான். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் 12 பேர் ஆண்டு வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் உரியவர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆண்டு வாரியத்தில் அமர்வதற்குக் கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோரோடு, முன்னர்த் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவரையே கொள்ள வேண்டும் என்பது விதி. ஏரிக்கரையில் உழைத்துப் பழகியவனுக்கே ஊராட்சியின் தலைமை கைகூடியது!

மற்றொரு விதி இன்னும் கடுமையானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் பெயர் மீண்டும் குடத்தில் விழாது. அவனுடைய நெருங்கிய உறவினர்க்கும் அதே தடைதான்.

இம்முறையை இக்காலக் குடியாட்சியோடு ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய அந்தணரே இதில் இடம்பெற்றனர்; மகளிர்க்கும் உழைக்கும் மக்களுக்கும் இடமில்லை. இந்த உண்மையை மறைத்துப் பெருமை பேசுவது வரலாறு ஆகாது.

அரச மரபுகள் பல தோன்றி மறைந்தன. வைரமேகன் ஏரியோ இன்றும் இருக்கிறது. நீரைக் காத்தவர் ஊரைக் காத்தனர். கணக்குக் காட்டியவர் பதவிக்கு உரியராயினர். குடவோலைப் பாடம் நடத்தும் ஆசிரியர் குடத்தோடு நின்றுவிடாமல், மாணவரை அந்த ஏரிக்கரை வரையிலும் அழைத்துச் செல்வாராக!