மூணாறு: துரைமார் ஊரும் நம்மவர் கணக்கும்

இங்கே இங்கிலாந்தில் வெயில் அடிக்கும் ஞாயிறு கிடைத்தால் போதும், குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏதாவது பழைய சந்தை ஊருக்குக் கிளம்பிவிடுவோம். நடுவில் சந்தைத் திடல், பக்கத்தில் கல்லால் கட்டிய சர்ச், ஊரைத் தாண்டினால் பச்சை மேடு. "அப்படியே நம்ம மூணாறு மாதிரி இருக்குல்ல?" என்று கூட வந்தவர்களில் ஒருவராவது சொல்லிவிடுவார். :-)

பார்வைக்குச் சரிதான். ஆனால் நான் வங்கிக்காரன். எந்த ஊரைப் பார்த்தாலும் 'பத்திரம் யார் பேரில்?' என்றுதான் புத்தி போகும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் ஒரு ஊருக்குச் சந்தை நடத்தும் உரிமை கிடைத்தபோது, பல ஊர்களில் சந்தைத் தெருவை ஒட்டி நீளநீளமாக மனைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆண்டு வாடகை கட்டினால் போதும், மனையை விற்கலாம், பிள்ளைக்கும் எழுதி வைக்கலாம். கடைக்காரனும் கொல்லனும் ஊரில் வேர்விட்டது இப்படித்தான்.

மூணாறின் கதை வேறு. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற துரை, பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை ஆண்டுக்கு 3000 ரூபாய்க்குக் குத்தகை எடுத்தார். ஒரு மலைத்தொடர் முழுவதும் ஒரே பத்திரத்தில்! 1880-ல் ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி பிறந்தது. 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம், 1908-ல் சின்ன ரயில். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி கொட்டக்குடிக்கு இறங்கி, போடி வழியாகக் கப்பலுக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது.

காட்டை வெட்டியது, கொழுந்து கிள்ளியது எல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த நம் ஜனங்கள். 1894-ல் காலராவில் இறந்த எலினர் இசபெல் மே என்ற இளம் துரைசாணிக்கு இன்றும் அங்கே கல்லறை இருக்கிறது. அதே மலையில் காய்ச்சலில் போன நம் கூலிக்காரர்களுக்குக் கல் ஏது?

1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தமிழர் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு கேரளாவோடு நின்றன. 1971-ல் சட்டம் போட்டு அரசு நிலத்தை மீட்டது. தோட்டப் பகுதி மட்டும் கம்பெனியிடமே தங்கியது. லயத்து வீடும் கம்பெனி வீடுதான். ஓய்வு பெற்றபின் குடும்பத்தில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். நான்கு தலைமுறை உழைத்தாலும் அடமானம் வைக்க ஒரு சென்ட் கிடையாது. வீட்டுக் கடன் கேட்டு எந்த வங்கிக்குப் போனாலும் முதல் கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும்.

2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமைப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளிவைத்துவிட்டு, ஒன்பது நாளில் 20 சதவீதம் வாங்கினார்கள். ஆனால் நிலம்? 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயத்தின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அவர்களில் பலருக்குக் கயத்தாறுதான் பூர்வீகம். பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு 2021-ல் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுக்க, கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. சொந்தக் கூரை வருவதற்கு மலையே விழ வேண்டியிருந்தது.

நாமும் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் நமக்கு இங்கே இருபத்தைந்து வருடத் தவணையில் ஒரு வீடு கிடைக்கிறது, நம் பேரில். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை மூணாறுக்குக் கூட்டிப் போங்கள். சர்ச்சையும் தேயிலை மியூசியத்தையும் காட்டுங்கள். கூடவே ஒரு லயத்து வாசலில் நின்று, இது யார் கட்டிய ஊர், யார் பேரில் இருக்கிறது என்ற இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.