செத்தல் மிளகாயும் எங்கட பொற்காலமும்

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ பழைய தோட்டக்காரர் ஒருவரோடு அரை மணித்தியாலம் கதைச்சுக்கொண்டிருந்தால், 'சிறிமா காலம்' வராமல் இருக்காது. வெங்காயம் வித்துக் கல்வீடு கட்டின கதை, மிளகாய்க் காசில ட்ரக்டர் வாங்கின கதை. நாங்களும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

கதை பொய்யில்லை. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசிடம் அந்நியச் செலாவணி இல்லை. அதனால மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கிப் பூட்டியது. வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில், கிணற்றை நம்பி நாலைஞ்சு பரப்புச் செம்மண்ணில தோட்டம் செய்த குடும்பங்களுக்குத் திடீரென்று நாடு முழுக்கச் சந்தை கிடைத்தது. துலா மிதித்த கிணறுகளில் ஏற்கெனவே வாட்டர் பம்ப் வந்துவிட்டது. கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்து வெங்காயம் லொறியில கொழும்புக்குப் போனது. இளைஞர்கள் பலர் விசுவமடு, முத்தையன்கட்டு என்று வன்னிக்குப் போய்க் காடு வெட்டி மிளகாய் வைத்தார்கள். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும் இதே அரசுதான் என்பதைத் தோட்டக்காரர் அவ்வளவாகச் சொல்லமாட்டார். ஒரு கதவைப் பூட்டிய கைதான் மற்றதைத் திறந்தது.

ஆனால் அதே காலத்தில மலையகத்தில் என்ன நடந்தது? 1973, 74இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் லயங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். உயிர் பிழைக்க வடக்கே வந்தவர்கள் பலர். 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு இன்னும் கூடுதலாக வந்தார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அவர்களுக்குக் கிடைத்தது மிளகாய்த் தோட்டங்களில் கூலி வேலை.

இந்த இடத்தில 'தோட்டம்' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தானுக்கு அது தன்ர கிணறும் தன்ர வரம்பும். மலையகத்திலிருந்து வந்தவருக்கு, விட்டு ஓடிவந்த லயமும் துரையும். ஒரே மிளகாய்க் கன்றுக்குப் பக்கத்தில நின்ற ரெண்டு பேருக்கு ஒரே சொல், வேற வேற அர்த்தம். நாங்கள் கேட்ட பொற்காலக் கதைகளில் பழம் ஆய்ஞ்ச கைகள் வந்ததேயில்லை. எங்கட ஊர்களிலேயே காணியில்லாமல் அடுத்தவன் தோட்டத்தில கொத்தின சாதிகளின் கதையும் அப்படித்தான்.

1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டது. விலை விழுந்தது. அதற்குப் பிறகு வந்த யுத்தமும் பொருளாதாரத் தடையும் நீங்கள் அறிந்ததுதான்.

இப்ப வடக்கில பெண்கள் வீட்டிலேயே மிளகாய்த்தூள் வறுத்திடிச்சுப் பக்கற் பண்ணி விக்கினம். ஒடியல்மா, புழுக்கொடியலும் உண்டு. அம்மாச்சி உணவகங்களில் தோசையும் குரக்கன் புட்டும் சுடச்சுடக் கிடைக்குது. சந்தோசம், நாங்களும் போய்ச் சாப்பிடுகிறோம். ஆனால் நாட்டுக்குத் தேவையான செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இன்றைக்கும் இந்தியாவிலிருந்துதான் வருது. 'யாழ்ப்பாணத் தூள்' என்று ஒட்டின பக்கற்றுக்குள்ளும் அது இருக்கலாம். இறக்குமதி வரியைக் கூட்டச் சொல்லி அறுவடைக்கு அறுவடை விவசாயிகள் கேட்பது நியாயம், நாங்களும் அவர்கள் பக்கம்தான்.

அதோடு இன்னொன்றையும் கேட்கவேண்டும். அன்று வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர், காணிப் பத்திரம் கையில இல்லாமல், இப்பவும் அடுத்தவர் தோட்டத்தில நாட்கூலிக்குத்தான் நிக்கினம்.